தொலைந்தது எந்த ஊர் அண்ணே?

நடுவர் அவர்களுக்கும், என்னை எப்படி மடக்கலாம் என்று இப்போதே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற எதிரணி அண்ணன்மார்களுக்கும், பாய் விரித்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட அம்மாமார்களுக்கும், பின்னால் பைக்கை விட்டு இறங்காமலே கேட்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் கண்ணுக்கு நம்ம ராமநாதபுரம் கடற்கரை உயர்ந்து தெரிகிறதா, தொலைந்து தெரிகிறதா? இதுதான் இன்றைய வழக்கு. உயர்ந்திருக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு ஊர் தங்கச்சிமடம். பிழைப்பு குவைத்தில், ஆஸ்பத்திரி நர்ஸ். நானும் பெட்டி கட்டி வந்த விடுமுறைக்காரிதான். அதனால் 'இவளுக்கு வெளிநாட்டுக்காரன் மனசு தெரியுமா' என்று எதிரணி என்னை ஓரங்கட்ட முடியாது.

எதிரணி என்ன சொன்னது? துபாயிலிருந்து வந்திருக்கிற கீழக்கரை அண்ணன் ஆரம்பித்தார். பனைமரம் போச்சு, காலி மனையெல்லாம் கல் நட்டு பிளாட் ஆச்சு, தனுஷ்கோடி மணலில் பிளாஸ்டிக் பாட்டில், பெரிய பெரிய வீடுகளில் வாட்ச்மேனைத் தவிர ஆளில்லை, தெருவுக்குத் தெரு ஷவர்மா கடை. அடுத்து சிங்கப்பூரில் இருக்கிற தொண்டி ஐயா வந்தார். கடலில் மீன் இல்லை, ஆபீஸில் காரியம் நடப்பதில்லை, மதுரையிலிருந்து வருகிற நாலுவழிச் சாலை பரமக்குடியோடு நின்றுவிடுகிறது என்றார். அப்புறம் குரலை இறக்கி, 'விடியற்காலை இருட்டில் பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு கடற்கரைக்குப் போவார்களே, இடுப்பில் குடத்தோடு ஊற்றடியில் சிரித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த ஊர் எங்கே?' என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். நல்ல குரல், ஐயாவுக்கு.

தட்டி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டவில்லை.

ஐயா, நீங்கள் சொன்ன அந்த விடியற்காலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெண்கள் இருட்டோடு இருட்டாகக் கடற்கரைக்குப் போனது சத்தியம். ஏன் போனார்கள்? சூரிய உதயம் பார்க்கவா? வீட்டில் கக்கூஸ் கிடையாது ஐயா. கடற்கரையை விட்டால் கருவைக்காடு. வெளிச்சம் வருவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். தவறிவிட்டால் மறுபடி இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். கூட்டமாகப் போனது தோழமைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். தனியாகப் போகப் பயம். பாம்புக்குப் பயம், அதைவிட ஆளுக்குப் பயம். பேசிக்கொண்டே போனதும் அதற்குத்தான்: 'பெண்கள் வருகிறோம், யாராவது இருந்தால் தள்ளிப் போங்கள்' என்று அறிவிக்க.

நர்ஸ் என்பதால் கூச்சப்படாமல் ஒன்று சொல்கிறேன். பகலில் போக முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர்கள் எங்கள் அம்மாமார். இந்த ஊர் வெயிலில்! நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் தெருவில் குறைவு. அதை நோய் என்றுகூட யாரும் நினைத்ததில்லை. 'சூடு' என்பார்கள், வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பார்கள், அவ்வளவுதான். குவைத்தில் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு நான் இதைப் பற்றி வகுப்பெடுக்கும்போதெல்லாம் எங்கள் தெருவே கண்ணில் வந்து நிற்கும்.

ஐயா அப்போது சின்னப் பையன். படகடியில் நின்று பார்த்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் சேலைகளும் பேச்சும் இருட்டும் அழகாகத்தான் இருந்திருக்கும். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த அழகு தொலைந்துவிட்டது என்று அவர் வருத்தப்படும்போது, அது தொலைய வேண்டும் என்று மாதாவிடமும் மாரியம்மனிடமும் வேண்டிக்கொண்டவர்கள் இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நடுவர் கவனிக்க வேண்டும்.

குவைத்திலிருந்து நான் அனுப்பிய முதல் பணத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கக்கூஸ் கட்டினோம். மார்பிள் கிடையாது, டைல்ஸ்கூட பிறகுதான் வந்தது. கதவு உண்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. ஊர் உயர்ந்ததற்குச் சாட்சி கேட்டால் நான் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு வந்து இந்த மேசையில் வைப்பேன்.

சரி, ஊற்றடிக்கு வருகிறேன். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று சென்னையில் அதிகாரி மிரட்டினால் அது எந்த மாவட்டம் என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். நம்ம பெயரே ஒரு தண்டனையாக இருந்தது. தீவுப் பக்கம் மணலில் குழி தோண்டி, ஊறுகிற வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். உள்நாட்டுப் பக்கம் நாலு சக்கரத் தள்ளுவண்டி. வரிசையாகத் துளை போட்ட பலகை, துளைக்கு ஒரு குடம். மைல் கணக்கில் தள்ளிக்கொண்டு போவார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். ஊற்றடியில் பெண்கள் சிரித்தது வாஸ்தவம்தான். அங்கே சண்டை போட்டதும் மண்டை உடைந்ததும் ஐயாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்குள் நான் நுழைந்த நாட்கள் குறைவு. தாமதத்துக்குக் காரணம் கேட்டு முட்டி போடச் சொல்வார்கள். காரணம் குடம்.

காவிரித் தண்ணீரைத் திருச்சிப் பக்கமிருந்து குழாயில் இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்தார்களே, காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம், அது எல்லாத் தெருவுக்கும் தினமும் வருகிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வராத தெரு இருக்கிறது. உப்புத் தண்ணீர் இருக்கிறது. தள்ளுவண்டி இன்னும் முழுசாக ஓய்வு பெறவில்லை. ஆனால் என் அண்ணன் மகள் ஏழாவது படிக்கிறாள். சிரட்டையால் மொள்ளுவது எப்படி என்று அவளிடம் கேட்டேன். 'எதுக்கு அத்தை?' என்றாள். அந்த 'எதுக்கு' போதும் எனக்கு.

குவைத்திலும் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிற ஊர்தான் அது. எண்ணெய்ப் பணம் இருந்ததால் அவர்களால் அதைச் சீக்கிரம் செய்ய முடிந்தது. நமக்கு நேரம் ஆகிறது. எதிரணி அண்ணன் துபாய் ரோட்டையும் நம்ம ரோட்டையும் ஒப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அண்ணே, அந்த ரோட்டில் தார் ஊற்றியவர்களில் நம்ம முதுகுளத்தூர்க்காரனும் சாயல்குடிக்காரனும் உண்டு. நாலுவழிச் சாலை பரமக்குடியோடு நிற்பது எனக்கும் எரிச்சல்தான். விமானத்தில் வந்த களைப்பைவிட அதற்குப் பிறகு லாரிக்குப் பின்னால் ஊர்கிற களைப்புதான் பெரிது. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை நாலுவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. போட்டு முடிக்கட்டும், அப்போது பாராட்டுகிறேன். இப்போதைக்கு அந்த மதிப்பெண்ணை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள் நடுவர் அவர்களே, எங்களிடம் நிறைய இருக்கிறது.

பாம்பன் பாலத்தைப் பற்றி எங்கள் அணி உச்சிப்புளித் தம்பி விவரமாகச் சொன்னார். 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலம், 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தது, கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரத்துக்கு அப்படியே மேலே போகிறது எல்லாம் அவரே சொல்லிவிட்டார். கீழக்கரை அண்ணன் உடனே எழுந்து, 'பழைய பாலத்தை ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறப்பார்களே, அந்த அழகு வருமா?' என்றார். வராதுதான். நெம்பினவர் தோளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்.

நான் சேர்க்க விரும்புவது பக்கத்தில் இருக்கிற சாலைப் பாலத்தை. 1988 அக்டோபர் 2-க்கு முன்னால் பாம்பன் தீவுக்குச் சாலையே கிடையாது. ரயில், இல்லாவிட்டால் படகு. பிரசவ வலி ரயில்வே கால அட்டவணை பார்த்தா வரும்? எங்கள் தெருக் கிழவிகளிடம் கேட்டால் அக்கரைக்குப் போய்ச் சேராத தாய்களின் பெயர்களைச் சொல்வார்கள். பாலம் தாண்டி ராமநாதபுரம் போனாலும் கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் 'மதுரைக்குத் தூக்கிட்டுப் போங்க' என்பதுதான் மருந்துச் சீட்டு. மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. என் தொழில் கண்ணோடு பார்த்தால் இன்னும் ஆள் வேண்டும், கருவி வேண்டும் என்று நூறு சொல்லலாம். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் டாக்டரிடம் 'எந்த ஊரும்மா?' என்று கேட்டதற்கு 'பக்கத்துல தேவிபட்டினம்' என்று பதில் வந்தபோது எனக்குக் குறை சொல்கிற மூடே போய்விட்டது.

ஷவர்மாவுக்கு ஒரே வரி. துபாயில் தினமும் ராத்திரி ஷவர்மா தின்கிற அண்ணன், ராமநாதபுரத்துப் பையன் தின்றால் மட்டும் பண்பாடு கெட்டுப்போச்சு என்கிறார்.

இப்போது எனக்கு நடந்த ஒரு அவமானத்தைச் சொல்கிறேன், எதிரணி வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும். பாம்பனில் மீன் வாங்கப் போனேன். நல்ல நகரை, கண் இன்னும் மின்னுகிறது. ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். மீன்காரம்மா, 'சில்லறை இல்ல தாயி, ஸ்கேன் பண்ணிரு' என்று தராசுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். ரீசார்ஜ் போடாததால் என் உள்ளூர் சிம் எப்போதோ செத்துவிட்டது. குவைத் நம்பர் அதற்கு உதவாது. உலகத்திலேயே மதிப்பு கூடின காசு குவைத் தினார். அதைச் சம்பாதிக்கிறவள் மீன் கடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அந்த அம்மா மீனைப் பையில் போட்டுக் கையில் கொடுத்து, 'நாளைக்குக் குடு, எங்க போயிரப் போற' என்றார். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் தன் போனில் தட்டிவிட்டு என் ஐநூறை வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தான். நம்மை விட்டுவிட்டு ஊர் முன்னால் போய்விட்டது, நாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம். இதைத்தான் சில பேர் ஊர் தொலைந்துவிட்டது என்கிறார்கள்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுக் கடலுக்கு வர வேண்டும். தொண்டி ஐயா சொன்னதில் கனமானது இதுதான். நான் மழுப்பப் போவதில்லை. மீன் குறைந்திருக்கிறது. இழுவை மடி கடலடியை வழித்து எடுத்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வைத்தும் கடல் பழையபடி தேறவில்லை. 1974-ல் கச்சத்தீவு போனதிலிருந்து எல்லைத் தகராறு ஓயவில்லை. போன படகு திரும்புமா, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகுமா என்று கரையில் காத்திருக்கிற வீடுகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. கடலோடிக் குடும்பத்துப் பையன் வளைகுடாவுக்குப் போய் அங்கேயும் அடுத்தவன் படகில் கூலிக்கு வலை இழுக்கிறான். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. கடல் தொலைந்துகொண்டிருக்கிறது என்று ஐயா ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

ஆனாலும் ஐயா, அந்தக் கடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார் என்று பார்த்தீர்களா? முன்னே கடல் விவகாரம் என்றால் ஊர்க்கூட்டத்தில் ஆம்பளைகள் மட்டும். இன்றைக்குச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் போய்ப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கியபோது அவர்கள் பிழைப்பு கேள்விக்குறி ஆனது. அவர்கள் சங்கமாகக் கூடி, பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீக்காலஜி பரிசு கொடுத்தார்கள். பாசி எடுத்த கையோடு அமெரிக்கா வரை போய் வாங்கி வந்தார். பாம்பனில் மீனவர்களே நடத்துகிற வானொலி இருக்கிறது, கடல் ஓசை, 2016 ஆகஸ்ட் 15-லிருந்து 90.4-ல் பேசுகிறது. காற்று எப்படி, அலை எப்படி, பவளப்பாறை ஏன் சாகிறது என்று நம்ம பேச்சில், நம்ம ஆட்கள் குரலில். கடல் மெலிந்திருக்கலாம். கரையில் நிற்கிறவர் வாய் திறந்திருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இது கிடையாது.

வாய் திறப்பது என்றதும் ஆபீஸ் அலைச்சல் நினைவுக்கு வருகிறது. ஐயா பட்டா மாறுதலுக்காக நடந்த கதையைச் சொன்னார். நானும் அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றுக்காக ஓர் அலுவலகத்தில் நடந்தேன். இன்று போய் நாளை வா, நாளை போனால் சார் லீவு. கடைசியில் மேசையைத் தட்டிச் சத்தமாகவே கேட்டேன். கேட்டதால் காரியம் நடந்ததா? அன்றைக்கு நடக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் டீக்கடைக்காரர் காசு வாங்காமல் ஒரு டீ கொடுத்து, 'நல்லாக் கேட்டீங்கக்கா' என்றார்.

குவைத்தில் நான் இப்படிக் கேட்டதே இல்லை. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதால் மட்டும் இல்லை. கேட்டால் விசா என்ன ஆகும் என்ற பயம். எவ்வளவு காலம் உழைத்தாலும் அந்த நாட்டில் நமக்குக் குடியுரிமை கிடையாது. வேலை முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, மதுரை விமான நிலையத்தில் இறங்கின நிமிஷத்திலிருந்து குறை சொல்ல ஆரம்பிக்கிறோம். சொல்லட்டும். சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறதே! எதிரணி இவ்வளவு நேரம் அடுக்கின குறைகளை வேறெந்த ஊர் மேடையில் மைக் பிடித்துச் சொல்லியிருப்பீர்கள்?

எதிரணியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. நாம் போன அன்றைக்கு ஊரை ஐஸ் பெட்டியில் வைத்த மீனாக விட்டுவிட்டுப் போனோம், வந்து மூடியைத் திறந்தால் அதே நிறத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று. இந்தக் கரை என்றைக்கு அப்படி இருந்தது? அழகன்குளத்தில் தோண்டினால் ரோமானிய மண்பாண்டம் வருகிறது. பெரியபட்டினத்தில் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு வருகிறது. அந்தக் காலத்திலேயே வருவதும் போவதுமாகத்தான் இருந்திருக்கிறோம். 1914-லிருந்து மதராஸில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் கப்பல் மாறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போக முடிந்தது. இலங்கைத் தோட்ட வேலைக்குப் போன சனங்களை மண்டபம் முகாமில் நிறுத்தி உடம்பைச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு போனது. அந்த ஊர்தான் நடுவர் அவர்களே, உண்மையில் தொலைந்த ஊர். அதை இழந்தவர்கள் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் வந்து குடிசை போட்டு மறுபடி வலை கட்டினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு, ஷவர்மா கடை வந்ததால் ஊர் தொலைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே மண்டபத்தில் 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் முகாமில் இருக்கிறார்கள். ஊர் தொலைவது என்றால் என்ன என்று அவர்களிடம் கேளுங்கள். நான் அதற்குமேல் அதைப் பேசுவது சரியில்லை.

நமக்கு ஒரு சங்கடம் என்றால் எங்கே ஓடி வந்தோம்? 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டின துணியோடு வந்தவர்களில் நம்ம மாவட்டத்து ஆட்கள் உண்டு. 2020-ல் கொரோனா வந்தது, வேலை போனது, மறுபடி விமானம் பிடித்து இங்கேதான் வந்தோம். அப்போது ஊர் எங்களை 'யார் நீங்கள்?' என்று கேட்கவில்லை. தெருவில் இருந்து சாப்பாடு வந்தது. தங்க இடம் வந்தது.

எனக்கும் வலிக்கிற விஷயம் உண்டு, மறைக்கவில்லை. தனுஷ்கோடிக்கு 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு அங்கே கிடக்கிற குப்பையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கல்யாண வீடுகளில் கடன் வாங்கிச் செய்கிற ஆடம்பரம் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, வாசலில் பெட்டியை இறக்குவதற்குள் சொந்தக்காரர்கள் கேட்பார்களே, 'எப்ப வந்த? எப்ப போற?' என்று. இரண்டாவது கேள்வியில் எனக்குச் சுருக்கென்று ஆகும். நாலு பேர் கேட்டதும் அம்மாவிடம் கோபப்பட்டேன். அம்மா சொன்னார், 'நீ போறதுக்குள்ள எத்தனை வேளை அவங்க வீட்டுல சோறு போட முடியும்னு கணக்குப் பாக்குறாங்கடி.' உண்மைதான். போகிற நாளுக்குள் கணவாய், நண்டு, பனங்கிழங்கு, கீழக்கரையிலிருந்து தொதல் என்று வயிறு தாங்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிஷம் நடுவர் அவர்களே, ஆள் இல்லாத வீட்டையும் பிளாட்டையும் சொல்லாமல் இறங்கினால் எதிரணி என்னை விடாது.

கீழக்கரையில் சம்பாதித்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்களா? 1984-ல் அங்கே பொறியியல் கல்லூரி வந்தது. 1988-ல் பெண்களுக்கென்று கல்லூரி வந்தது. கடல் தாண்டிச் சம்பாதித்த காசு வகுப்பறையாக ஆனது. வாசல் தாண்டாத பெண்கள் படி ஏறிப் பட்டம் வாங்கினார்கள். இது ஒரு வகைப் பணம். இன்னொரு வகைப் பணம், மூன்று மாடி கட்டி, கேமரா மாட்டி, வயதான தாய் தகப்பனைக் கீழ் அறையில் உட்காரவைத்துவிட்டுப் போனது. தெருவில் ஆளில்லை என்கிறீர்களே அண்ணே, ஆளைக் கூட்டிக்கொண்டு போனது யார்?

பனைமரத்துக்கும் இதே கேள்விதான். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசே சொல்லிவிட்டது. அப்படியும் கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்து விற்கிறார்களே, உள்ளூரில் வலை இழுக்கிறவனும் மிளகாய்க் காடு வைத்திருக்கிறவனுமா அந்த விலைக்கு வாங்குகிறான்? பனை போச்சு என்று கீழக்கரை அண்ணன் இந்த மேடையில் கண் கலங்கினார். எனக்கும் மனசு இளகிவிட்டது. ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் டீ குடிக்கும்போது அவரே என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார், இந்த லீவில் உச்சிப்புளிப் பக்கம் ஐந்து சென்ட் ரெண்டு மனை முடித்துவிட்டாராம், ஒன்று தனக்கு, ஒன்று மகளுக்கு. தொலைந்துபோன ஊரில் மகளுக்கு எதற்கு அண்ணே மனை? பதிலை நீங்கள் மறுப்புரையில் சொல்லுங்கள், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.